நன்னூற் கணக்கும் சட்டாம்பிள்ளையும்: மாணவர் மாணவர்க்குக் கற்பிக்கும் முறை – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பல்கலைக்கழக வகுப்பில் ஒரு பாடம் விளங்காதபோது மாணவர் முதலில் நாடுவது பெரும்பாலும் ஆசிரியரை அன்று. அருகில் அமர்ந்திருக்கும் தோழரையே. விடுதி அறைகளிலும் நூலக வாயிலிலும் தேர்வுக்கு முந்திய இரவுகளிலும் நடைபெறும் இக்கற்பித்தல் எந்தப் பாடத்திட்டத்திலும் இடம்பெறுவதில்லை. அதற்கு மதிப்பெண்ணும் இல்லை. அண்மைக் காலத்தில் உயர்கல்வி நிறுவனங்கள் இதனைச் ‘சகமாணவர் கற்பித்தல்’, ‘கற்றல் துணை’ என்னும் பெயர்களால் முறைப்படுத்தத் தலைப்பட்டுள்ளன. மேனாட்டிலிருந்து வந்த புதுமுறையாகவே இது பொதுவாக அறிமுகப்படுத்தப்படுகிறது. ஆயின் இம்முறையின் உலக வரலாற்றில் ஒரு முக்கியக் கண்ணி சென்னை எழும்பூரில் அமைந்துள்ளது. இதன் அடிப்படைக் கொள்கை தமிழ் இலக்கண நூலொன்றின் பாயிரத்தில் வகுத்துரைக்கப்பட்டுள்ளது.

மாணவர் மாணவர்க்குக் கற்பிப்பது யார் பொருட்டு? கற்கும் மாணவர் பொருட்டா, கற்பிக்கும் மாணவர் பொருட்டா, ஆசிரியர் ஊதியத்தைச் சிக்கனப்படுத்தும் நிறுவனத்தின் பொருட்டா? இவ்வினாவிற்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை அளித்துள்ளது. அவ்விடைகளை வரலாற்று நிரலில் வைத்து நோக்கி, இன்றைய இந்தியப் பல்கலைக்கழகத் திட்டங்களை அவற்றின் ஒளியில் மதிப்பிட இக்கட்டுரை முற்படுகிறது.

நன்னூல் வகுத்த கணக்கு

13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்ததாகக் கருதப்படும் நன்னூலில் பவணந்தி முனிவர், பொதுப்பாயிரத்தில் நூல், ஆசிரியர், மாணாக்கர் ஆகியோர் இலக்கணங்களுடன் பாடம் சொல்லும் முறையையும் பாடம் கேட்கும் முறையையும் தனித்தனியே கூறுகிறார். பாடங்கேட்டல் பற்றிய பகுதியில் கல்வி நிரம்பும் வகை ஒரு கணக்காகவே தரப்படுகிறது. ஆசிரியர் உரைத்ததை மாணாக்கர் நன்கு மனங்கொண்டாலும் அவர் பெறுவது புலமையின் காற்பங்கே. உடன்பயிலும் மாணாக்கரோடு பழகிப் பயில்வதால் மற்றொரு காற்பங்கு வருகிறது. எஞ்சிய அரைப்பங்கு, தாம் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைப்பதால் மட்டுமே நிறைகிறது.

இக்கணக்கினை வடமொழி மரபில் வழங்கும் ஒரு சுபாஷிதத்தோடு ஒப்பிடுதல் பயனுடையது. அச்சுலோகம் கல்வியை நான்கு சம பங்குகளாகப் பிரிக்கிறது. ஆசிரியரிடமிருந்து ஒரு பங்கு, தன் அறிவால் ஒரு பங்கு, உடன்பயில்வோரிடமிருந்து ஒரு பங்கு, காலப்போக்கில் ஒரு பங்கு என்பது அதன் வகைப்பாடு. உடன்பயில்வோர்க்குக் காற்பங்கு அளிப்பதில் இரு மரபுகளும் ஒத்துள்ளன. ஆனால் தன்னறிவுக்கும் காலத்துக்கும் அச்சுலோகம் ஒதுக்கும் அரைப்பங்கினை நன்னூல் கற்பித்தற் செயலுக்கு வழங்குகிறது. அதாவது, கற்பித்தல் என்பது கற்று முடித்தபின் தொடங்கும் தொழிலன்று, கற்றலின் பெரும்பகுதியே அதுதான் என்பது நன்னூலின் துணிபு.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, ஆசிரியரின் பங்கு காற்பங்கு எனக் கூறியதால் ஆசிரியர் குறைத்து மதிப்பிடப்படவில்லை. அவர் தரும் காற்பங்கே ஏனைய முக்காற்பங்கிற்கும் முதலாகிறது. மற்றொன்று, உடன்பயிலலும் எடுத்துரைத்தலும் பின்தங்கிய மாணாக்கர்க்குரிய தனி ஏற்பாடாகக் கூறப்படவில்லை. புலமை பெற விழையும் ஒவ்வொருவர்க்கும் உரிய படிநிலையாகவே கூறப்பட்டுள்ளன. இவ்விரண்டாம் செய்தி பிற்கால வரலாற்றை மதிப்பிட உதவும் அளவுகோலாக அமைகிறது.

திண்ணையும் சட்டாம்பிள்ளையும்

இக்கொள்கை நடைமுறையில் எவ்வாறு வாழ்ந்தது என்பதற்கு அயல்நாட்டார் குறிப்புகள் சான்றாகின்றன. 1623-இல் கன்னட நாட்டின் இக்கேரிப் பகுதிக்குப் பயணம் செய்த இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வாலே, கோயில் முகப்பொன்றில் சிறுவர் நால்வர் மணலில் விரலால் எழுதி, ஓசையுடன் ஓதிக் கணக்குப் பயில்வதைக் கண்டார். அருகில் ஆசிரியர் எவரும் இல்லை. தவறு நேர்ந்தால் திருத்துவோர் யார் என அவர் வினவ, ஒரே இடத்தில் நால்வரும் ஒருசேர இடர்ப்பட வாய்ப்பில்லை என்றும், ஒருவர் மறந்ததை மற்றவர் சொல்லித் தரவே கூடிப் பயில்கிறோம் என்றும் சிறுவர் விடையிறுத்தனர். உடன்பயிலலின் பயனை இதைவிடத் தெளிவாக விளக்கல் அரிது.

தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் இம்முறை ஒரு பதவியாகவே நிலைபெற்றிருந்தது. அப்பதவியின் பெயர் சட்டாம்பிள்ளை. ஓராசிரியர் பள்ளியில் அரிச்சுவடி தொடங்கும் குழந்தையும் எண்சுவடி முடிக்கும் சிறுவனும் ஒரே திண்ணையில் இருப்பர். அனைவர்க்கும் ஒரே நேரத்தில் ஒரே பாடம் சொல்ல இயலாது. எனவே முன்னே கற்ற பிள்ளை, பின்னே வந்த பிள்ளையின் கைபிடித்து மணலில் எழுத்துப் பயிற்றுவான். மாலையில் வாய்பாட்டை அவன் சொல்ல ஏனையோர் தொடர்ந்து சொல்லி முறை வைப்பர்.

இம்முறையைப் போற்றுங்கால் அதன் எல்லைகளை மறத்தல் கூடாது. தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சார்ந்த பிள்ளைகளுக்குத் திண்ணை பெரும்பாலும் திறந்திருக்கவில்லை. 1822-இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோவின் ஆணைப்படி மாவட்ட ஆட்சியர்கள் திரட்டிய பள்ளிக் கணக்குகளில் பெண் மாணவர் மிகச் சிலரே. சகமாணவர் என்னும் சொல்லில் ‘சக’ என்பது யாரையெல்லாம் உள்ளடக்கியது என்ற வினா அன்றும் இருந்தது.

மேலும், சட்டாம்பிள்ளைக்குக் கற்பிக்கும் கடமையோடு கண்காணிக்கும் அதிகாரமும் சேர்ந்திருந்தது. இன்றைய தமிழில் ‘சட்டாம்பிள்ளை’ என்பது பிறர்மீது வலிந்து ஆணை செலுத்துவோரைக் குறிக்கும் இகழ்ச்சிச் சொல். உலக நாடுகளை அடக்கியாள முயலும் வல்லரசினை ‘உலகச் சட்டாம்பிள்ளை’ என நாளிதழ்கள் எழுதுகின்றன. கற்பித்தவன் என்ற பொருள் தேய்ந்து, அடக்கியவன் என்ற பொருள் எஞ்சியிருப்பது அப்பதவி தமிழர் நினைவில் எவ்வாறு பதிந்துள்ளது என்பதைக் காட்டுகிறது.

எழும்பூரிலிருந்து இலண்டனுக்கு

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்த ஆண்ட்ரூ பெல் (1753–1832) 1787-இல் சென்னைக்கு வந்தார். 1789 முதல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தின் கண்காணிப்பாளராகப் பணியாற்றினார். ஆங்கிலேயப் படைவீரர்தம் பிள்ளைகளுக்கான இல்லம் அது. உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்ட பெல், அதனைத் தம் இல்லத்தில் புகுத்த விழைந்தார். பணியிலிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்காத நிலையில், சுமார் 8 வயதுடைய ஜான் ஃபிரிஸ்கன் என்ற மாணவனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார். அச்சிறுவன் வெற்றி கண்டான். படிப்படியாக இல்லம் முழுவதும் மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் அமைப்பாயிற்று.

1796-இல் இந்தியாவை விட்டு நீங்கிய பெல், 1797-இல் தம் பரிசோதனையை இலண்டனில் நூலாக வெளியிட்டார். 1798-இல் ஜோசப் லங்காஸ்டர் இலண்டன் சவுத்வர்க் பகுதியில் இதையொத்த முறையில் பள்ளி நடத்தத் தொடங்கினார். எவர் முதல்வர் என்பதில் இருவர்தம் ஆதரவாளரிடையே நீண்ட பூசல் நிகழ்ந்தது. இங்கிலாந்துத் திருச்சபையினர் பெல்லின் வழியில் பள்ளிகள் நிறுவ 1811-இல் தேசியக் கழகத்தை அமைத்தனர். திருச்சபை சாராதோர் லங்காஸ்டரைப் பின்பற்றினர். ‘மதராஸ் முறை’ என்ற பெயர் ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய கண்டங்களில் பரவியது. பெல்லின் கொடையால் 1833-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் திறக்கப்பட்ட பள்ளி ‘மதராஸ் கல்லூரி’ என்னும் பெயருடன் இன்றும் நடைபெறுகிறது.

ஆயினும் கடல் கடந்தபோது இம்முறையின் உயிர்க்கூறு ஒன்று மாறியது. இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் ஏழைக் குழந்தைகள் பெருகியிருந்தனர். அவர்களுக்குக் கல்வியளிக்கப் பொருள் இல்லை. ஓர் ஆசிரியர் சில நூறு சிறுவரை நடத்தலாம் என்பதே இம்முறையின் பெருங்கவர்ச்சியாயிற்று. வரிசை, மணியோசை, ஆணை, பரிசு, தண்டனை என்னும் ஒழுங்குகள் மிகுந்தன. சிறு பகுதிகளாக வெட்டப்பட்ட பாடத்தைச் சட்டாம்பிள்ளை ஒப்புவிப்பான். ஏனையோர் திருப்பிச் சொல்வர். எடுத்துரைத்தல் ஒப்புவித்தலாகச் சுருங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இம்முறை மதிப்பிழந்தது. 1846-இல் இங்கிலாந்தில் ஊதியமும் பயிற்சியும் பெறும் பயிற்சி ஆசிரிய மாணவர் திட்டம் அதன் இடத்தைப் பிடித்தது.

இதற்கிடையில் பெல்லாரி மாவட்ட ஆட்சியர் ஏ.டி. கேம்பெல் 1823-இல் அளித்த அறிக்கை, மன்றோவின் விசாரணைக்கு வந்த மறுமொழிகளுள் தனிச்சிறப்புடையது. உள்ளூர்ப் பள்ளிகளில் முன்னேறிய மாணவர் ஏனையோர்க்குக் கற்பிப்பதைப் பாராட்டும் கேம்பெல், அதன்வழி அம்மாணவர் தம் அறிவையும் உறுதிப்படுத்திக்கொள்கின்றனர் என்று குறிப்பிடுகிறார். இங்கிலாந்து இம்முறையைப் பின்பற்றியது தக்கதே எனவும் கூறுகிறார். நன்னூலின் அரைப்பங்குக் கொள்கையை ஓர் ஆங்கில அதிகாரி நேரிற் கண்டு பதிவு செய்ததாக இதனைக் கொள்ளலாம். அதே அறிக்கையில், மாணவர் தாம் ஓதும் செய்யுளின் பொருளறியாமல் மனப்பாடம் செய்கின்றனர் என்ற குறையையும் அவர் சுட்டுகிறார். முறையின் வலிமையும் மெலிவும் ஒரே ஆவணத்தில் இடம்பெற்றுள்ளன.

மடத்துப் பாடமும் கல்லூரிப் பாடமும்

தொடக்கக் கல்வியில் ஒப்புவித்தலாகச் சுருங்கிய இம்முறை, தமிழ் உயர்கல்வியில் வேறு வகையில் செழித்திருந்தது. 1871-இல் உ.வே. சாமிநாதையர் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1815–1876) பாடங்கேட்க வந்தபோது, தொடக்கத்தில் மூத்த மாணாக்கர் சவேரிநாத பிள்ளையே அவர்க்குப் பாடம் சொல்லும்படி பணிக்கப்பட்டார். சவேரிநாத பிள்ளை கிறித்தவர், பாடங்கேட்டவர் அந்தணர், ஆசிரியர் சைவ வேளாளர். ஆசிரியரிடமே நேரில் கேட்க வேண்டும் என்ற ஏக்கம் இளைய மாணாக்கர்க்கு இருந்தமையைச் சாமிநாதையரின் தன்வரலாறு மறைக்கவில்லை. சகமாணவர் கற்பித்தல் ஆசிரியர்க்கு மாற்றாகும்போது மாணவர் மனம் நிறைவதில்லை என்ற உண்மை இதனால் பெறப்படுகிறது. பின்னர் அவ்வேக்கமும் தீர்ந்தது. பிள்ளையவர்களே பாடம் சொன்னார்.

1876-இல் ஆசிரியர் மறைந்தபின், திருவாவடுதுறை ஆதீனத்தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் சாமிநாதையர் மடத்திலேயே பாடஞ்சொல்லி வந்தார். 1880-இல் தம்முடன் ஒருசாலை மாணாக்கரான தியாகராச செட்டியார் ஓய்வு பெற்ற இடத்தில் கும்பகோணம் அரசுக் கல்லூரித் தமிழாசிரியரானார். கேட்டல், உடன்பயிலல், எடுத்துரைத்தல் என நன்னூல் கூறும் படிகள் ஒருவர் வாழ்வில் நிரலே அமைந்தமைக்கு இது சான்று.

அவர் சென்று சேர்ந்த கல்லூரி வேறோர் உலகம். 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய இடங்களில் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகங்கள் தொடக்கத்தில் கற்பிக்கும் நிறுவனங்கள் அல்ல. தேர்வு நடத்திப் பட்டமளிக்கும் அமைப்புகள். கல்லூரியில் ஆசிரியர் விரிவுரையாற்றுவார், மாணவர் குறிப்பெடுப்பார், ஆண்டிறுதியில் ஒவ்வொருவரும் தனியே தேர்வெழுதுவர். கேட்டற் பங்கு மட்டும் அமைப்புக்குள் நின்றது. உடன்பயிலல் விடுதிக்கும், எடுத்துரைத்தல் தனிப்பயிற்சி வகுப்புக்கும் வெளியேறின. விடுதலைக்குப்பின் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்வி ஆணையம் (1948–49) பெருந்திரள் விரிவுரையின் குறையை உணர்ந்து, சிறு குழுப் பயிற்றுரைகளைப் பரிந்துரைத்தது. மாணவர் எண்ணிக்கை பெருகிய அளவுக்கு ஆசிரியர் எண்ணிக்கை பெருகாத கல்லூரிகளில் அப்பரிந்துரை காலஅட்டவணையில் ஒரு பெயராகவே நின்றது.

மேலைப் பல்கலைக்கழகங்களின் மறுகண்டுபிடிப்பு

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்முறை மீண்டும் தோன்றியது, இம்முறை பல்கலைக்கழகத்தில். 1964-இல் பிரேசிலியா பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்று, உளவியலறிஞர் ஃபிரெட் கெல்லரின் 1968-ஆம் ஆண்டுக் கட்டுரையால் பரவலாக அறியப்பட்ட திட்டத்தில், ஒவ்வொரு மாணவரும் தம் வேகத்தில் பாட அலகுகளைக் கற்பர். பாடத்தை முன்பே முடித்த மாணவர்கள் ஒவ்வோர் அலகையும் சோதித்துத் தவறு விளக்குவர். திண்ணைப் பள்ளியின் அமைப்பை இது பெரிதும் ஒத்திருக்கிறது.

1973-இல் அமெரிக்காவின் மிசூரி–கான்சாஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் டியானா மார்ட்டின் தொடங்கிய துணைக் கற்பித்தல் முறை, ஒரு முக்கியமான கோட்பாட்டை முன்வைத்தது. ‘இடர்ப்படும் மாணவர்’ யார் எனத் தேடுவதை விடுத்து, மிகுதியானோர் தோல்வியுறும் ‘இடர்ப்பாடான பாடம்’ எது எனத் தேர்ந்து, அப்பாடத்தைப் பயிலும் அனைவர்க்கும் துணை வகுப்புகளைத் திறந்துவிடுவதே அது. அப்பாடத்தில் முன்னரே தேர்ச்சி பெற்ற மாணவர் வகுப்பை நடத்துவார். அவர் மீண்டும் விரிவுரை ஆற்றுவதில்லை. குறிப்புகளை ஒப்பிடவும் வினா எழுப்பவும் விடையைத் தாமே கண்டடையவும் துணைசெய்வார். வருவோர் எவரும் பின்தங்கியவர் என முத்திரை பெறுவதில்லை.

இதே காலத்தில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் யூரி டிரைஸ்மன் மேற்கொண்ட ஆய்வும் கருதத்தக்கது. நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர் பலர் தோல்வியுறுவதற்குக் காரணம் முயற்சிக்குறைவோ அடிப்படை அறிவுக்குறைவோ அன்று என அவர் கண்டார். சீன அமெரிக்க மாணவர் கூடிப் பயின்றனர். கறுப்பின மாணவர் தனித்தே பயின்றனர். எனவே அவர் அமைத்த பயிலரங்குகளில் எளிய பாடம் மீண்டும் நடத்தப்படவில்லை. கடினமான கணக்குகளே குழுவாகத் தீர்க்கக் கொடுக்கப்பட்டன. பங்கேற்ற மாணவரின் தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது. கோயில் முகப்பில் அமர்ந்த நால்வர் தெல்லா வாலேக்குச் சொன்ன விடையின் நிறுவல் எனவே இதனைக் கருதலாம்.

இந்தியத் திட்டங்களும் ‘குறைதீர்’ நோக்கும்

இந்தியப் பல்கலைக்கழகங்களில் கற்றல் துணை என்பது இடஒதுக்கீட்டின் வரலாற்றோடு பிணைந்தது. தலைமுறைகளாகத் திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்ட சமூகங்களிலிருந்து முதல் பட்டதாரிகள் வந்தபோது, அவர்களுக்குத் துணைசெய்யும் பொறுப்பை அரசு ஏற்றது. பல்கலைக்கழக மானியக் குழு 11-ஆம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (2007–2012) பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மை மாணவர்க்கெனக் குறைதீர் பயிற்சி, பணித்தேர்வுப் பயிற்சி, தேசியத் தகுதித் தேர்வுப் பயிற்சி என மூவகைத் திட்டங்களுக்கு நிதியளித்தது. பாட அறிவையும் மொழித்திறனையும் உயர்த்துதல், இடைநிற்றலைக் குறைத்தல் ஆகியவை குறைதீர் பயிற்சியின் நோக்கங்கள். இத்திட்டத்தின் சமூக நீதி அடிப்படை ஐயத்திற்கு இடமற்றது.

ஆயின் ‘குறைதீர்’ என்ற சொல்லே ஆய்வுக்குரியது. குறை மாணவரிடம் உள்ளது என அச்சொல் முன்கூட்டியே தீர்மானிக்கிறது. தமிழ்வழியில் பள்ளிக்கல்வி முடித்து ஆங்கிலவழிக் கல்லூரியில் நுழையும் மாணவரின் இடர்ப்பாடு, மொழியை மாற்றிக்கொண்ட நிறுவனத்தின் இடர்ப்பாடும் ஆகும். மாலை நேரத் தனி வகுப்புக்குச் செல்பவர் இன்னார் என வகுப்பு முழுவதும் அறியும்போது, உதவியே அடையாளமாகி விடுகிறது. உதவி தேவைப்படுவோர் அதனைத் தவிர்க்கும் நிலை இதனால் உண்டாகிறது. கற்பிப்பவர் ஆசிரியராகவே இருக்கும்போது, அம்மாணவர் நன்னூல் கூறும் முதற் காற்பங்கினையே இரண்டாம் முறை பெறுகிறார்; ஏனைய முக்காற்பங்கு அவர்க்கு எட்டாமலேயே நிற்கிறது.

2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை, சகமாணவர் கற்பித்தல் கற்பவர்க்கு மட்டுமன்றிக் கற்பிப்பவர்க்கும் பெரும்பயன் தரும் என ஏற்றுக்கொள்கிறது. அக்கூற்று இடம்பெறுவது அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பற்றிய பள்ளிக்கல்விப் பகுதியில். உயர்கல்விப் பகுதி, பின்தங்கிய பின்னணியினர்க்கான ஆதரவு மையங்களையும் வழிகாட்டல், ஆலோசனைத் திட்டங்களையும் வலியுறுத்துகிறது. இவ்விரு பகுதிகளையும் இணைத்து வாசிப்பது பல்கலைக்கழகத் துறைகளின் பொறுப்பாகிறது.

இதனைத் தொடங்குதற்குத் தமிழ்த்துறைகளே ஏற்ற இடம். தமிழகத்திற்கு வெளியே உள்ள பல்கலைக்கழகங்களில் தமிழ் பயில வருவோருள் தமிழ்வழிக் கல்வி பெற்றோரும், வீட்டில் மட்டும் தமிழ் பேசி வளர்ந்தோரும், பிறமொழியாளரும் ஒரே வகுப்பில் அமர்வதுண்டு. முதலாமவர் யாப்பு அறிவார். மற்றவர் இந்தியோ ஆங்கிலமோ பிறிதொரு மொழியோ நன்கறிவார். ஒருவர் சீர் பிரிக்கக் கற்பித்து, மற்றவரிடம் ஆய்வுச் சுருக்கம் எழுதக் கற்கலாம். இத்தகைய வகுப்பில் கற்பிப்போர், கற்போர் என்ற நிலையான பிரிவு எழுவதில்லை. சட்டாம்பிள்ளைப் பதவி ஒருவரிடமே நில்லாது சுற்றி வருமாயின், அச்சொல்லில் படிந்த அதிகார மாசும் நீங்கும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

மாணவர் மாணவர்க்குக் கற்பிக்கும் முறை இந்தியத் திண்ணைகளில் வழங்கியது. எழும்பூர்வழி உலகெங்கும் பரவியது. அதன் கொள்கை விளக்கத்தைக் கற்பிப்பவரின் பேறு என்னும் நோக்கில் தெளிவாக வகுத்தது நன்னூல்.

இம்முறை சிக்கனத்தின் பொருட்டுக் கையாளப்பட்டபோது ஒப்புவித்தலாகவும் கண்காணிப்பாகவும் தாழ்ந்தது. கற்றலின் பொருட்டுக் கையாளப்பட்டபோது செழித்தது. ஆசிரியர் இடங்கள் நிரப்பப்படாத துறைகளில் ஆய்வு மாணவரைக் கொண்டு வகுப்பு நடத்தி, அதற்குச் சகமாணவர் கற்பித்தல் எனப் பெயரிடுதல் லங்காஸ்டர் காலத்துப் பிழையை மீண்டும் செய்வதாகும். முதற் காற்பங்கு ஆசிரியர்க்கே உரியது. அதனை எவரும் ஈடுசெய்ய இயலாது.

மாணவரைத் தரம் பிரித்துக் குறைதீர்ப்பதினும், கடினமான பாடத்தைத் தேர்ந்து அனைவர்க்கும் துணைவகுப்பைத் திறத்தல் மதிப்பையும் காக்கும், பயனையும் பெருக்கும்.

இறுதியாக, நேற்றுவரை திண்ணைக்கு வெளியே நின்ற சமூகத்து மாணவர் இன்று வகுப்பில் கேட்போராக மட்டும் அமர்த்தப்படுவாராயின், அவர்க்குக் கல்வியின் காற்பங்கே வழங்கப்பட்டதாகும். அவர் எழுந்து நின்று பிறர்க்கு எடுத்துரைக்கும் இடமும் அமையும்போதே நன்னூல் கூறும் எஞ்சிய அரைப்பங்கு அவர்க்கு உரியதாகும்.